உப்புக்கும் டீசலுக்கும் நடுவே ஒரு கிணறு

கண்ணாடிபோல இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். முழ நீளக் குழாய்தான். அடியில் ஒரு சின்னப் பந்து அடைத்திருக்கும். உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. நீர்மட்டத்தைத் தொட்டதும் கயிறு லேசாகத் தளர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, குலுங்காமல் மேலே இழுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

கீழே தெளிந்த தண்ணீர். அதன் மேல், விரல் கனத்துக்கு, தேன் நிறத்தில் இன்னொரு திரவம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு. என் கை அசைந்தால் அந்தக் கோடும் சாய்ந்து நிமிர்ந்தது. வெயில் அந்தத் தேன் நிறத்துக்குள் புகுந்து என் முழங்கையில் மஞ்சளாக விழுந்தது.

அழகாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்றிருந்த நாகம்மாள் குழாயை உற்றுப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண். அந்தக் கிணற்றில் பங்குள்ள வீட்டின் மூத்த மருமகள்.

“நன்னாரி சர்பத்து கணக்கா இருக்கேத்தா,” என்றார். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். “இதைத்தான் ஒரு கோடை முழுக்கக் குடிச்சுருக்கோம்.”

ஊரின் பெயரை மருதவயல் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். திருவாடானையிலிருந்து கிழக்கே போகும் சாலையில், கடல் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மட்டும் தெரிகிற தொலைவில் அந்த ஊர் இருக்கிறது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உவர். நாகம்மாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு மணல்மேட்டில் மட்டும், லேசான உப்புச் சுவையோடு, குடிக்க ஆகிற தண்ணீர். தெருவே அங்கேதான் வாளி போட்டது.

பெருந்தொற்றுக் கால ஊரடங்குகள் ஓய்ந்து, பேருந்துகளில் மறுபடி கூட்டம் சேர்ந்திருந்த சமயம் அது. மதுரையில் மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் வாசனை பிடித்த பெண்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “டீசல்தான் தண்ணீரில் கரையாதே. மேலாக எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைக் குடிக்கலாமே?” நல்ல கேள்வி. கரையாது என்பது முக்கால் உண்மை. மீதிக் கால்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, வாசனையாகவும் சில சமயம் வாசனைகூட இல்லாமலும் தண்ணீருக்குள் இருக்கும். எங்கள் தொழிலே அந்தக் கால்பங்கைப் பற்றியதுதான்.

என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்கும். பரமக்குடியில் அப்பாவிடம் ஒரு மொபெட் இருந்தது. அதன் டேங்க்கின் மீதுதான் என் இடம். பெட்ரோல் போட நிறுத்தும்போது மூடியைத் திறந்தவுடன் ஒரு வாசனை எழும்பும். காற்று நெளிவது கண்ணில் தெரியும். அந்த நெளிவுக்குப் பின்னால் எதிரே நிற்பவரின் முகம் தண்ணீருக்குள் இருப்பதைப்போல ஆடும். நான் மூச்சை இழுத்துக்கொள்வேன். எனக்கு அது ஊர்சுற்றப் போகும் வாசனை.

தண்ணீரும் அங்கேதான் எனக்கு அறிமுகம். கோடையில் வைகை காய்ந்து வெறும் மணலாகக் கிடக்கும். மணலைக் கையால் பறித்தால் குழியின் அடியில் ஈரம் கறுக்கும், பிறகு கலங்கல் வரும், பொறுமையாக இருந்தால் தெளியும். ஆறு இல்லாத இடத்தில் ஆறு இருந்தது. அதற்குப் பிறகு தரையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குக் கீழே ஏதோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். நடக்கும்போதுகூட அந்த நினைப்பு வரும். இன்றும் போகவில்லை.

இரண்டு பிரியங்களும் ஒரே கிணற்றில் ஒன்றின் மேல் ஒன்றாக மிதக்கும் என்று நினைத்ததில்லை.

பேசாத இரண்டு வீடுகள்

நாகம்மாளின் கணவர் கருப்பையா. அவருடைய தம்பி சேதுராமன். இருவருக்கும் நிலம் பிரிந்துவிட்டது. கிணறு மட்டும் பொது.

சேதுராமன் பல வருடங்கள் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். சாலையோரமாக இருந்த தன் பங்கை ஒரு பெட்ரோல் பங்க்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பங்க் வந்து இரண்டு மூன்று வருடங்களில் கிணற்றில் வாடை வந்தது. ஊர் கணக்குப் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

கருப்பையா அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். காசுக்கு ஆசைப்பட்டு ஊர்த் தண்ணியில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று டீக்கடையில் சொன்னார். அண்ணனுக்குத் தன்மேல் பொறாமை என்று தம்பி அதே டீக்கடையில் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முள்வேலி வந்தது. நாகம்மாள் கிணற்றடியை விட்டுப் போன பிறகுதான் தம்பி மனைவி வசந்தா வெளியே வருவார்.

வசந்தா அப்போது கர்ப்பமாக இருந்தார். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து தரித்த கரு. வாடை தெரிவதற்கு முன்பும், தெரிந்த பிறகு “கயிற்று நாற்றமாக இருக்கும்” என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நாள்களிலும், அந்தத் தண்ணீரைத்தான் அவரும் குடித்திருக்கிறார்.

நான் முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது வேறு எதுவும் கேட்கவில்லை. “உள்ள இருக்குற பிள்ளைக்கி ஏதும் ஆகுமா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். ராமநாதபுரத்தில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, தண்ணீர் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன பிறகும் அந்தக் கேள்வி அவர் முகத்தை விட்டுப் போகவில்லை.

எங்களை அழைத்தவர் பங்க்கை நடத்துபவர். தன் டேங்க் ஒழுகவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நம்பவில்லை.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

பங்க்கின் டேங்க்குகளை அழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். ஒழுகவில்லை.

பிறகு தரையைத் துளைத்தோம். கையால் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கும் ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு முறை வெளியே இழுக்கும்போதும் கொஞ்சம் மண் அதில் ஒட்டி வரும். என்னுடன் வந்த பீட்டர் அதைத் திருகுவார். நான் மண்ணை முகர்ந்து, சின்னப் பைகளில் போட்டு, ஆவியை அளக்கும் கருவியின் முனையைப் பைக்குள் விடுவேன். பீட்டர் தங்கச்சிமடத்துக்காரர், என் வயதுதான். வேலை செய்யும்போது மெல்லிய குரலில் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். கேட்டால் பாடவில்லை என்பார்.

பங்க்குக்கும் கிணற்றுக்கும் நடுவில் துளைத்த இடமெல்லாம் மணல் சுத்தமாக வந்தது. வெளிர்மஞ்சளாக, ஈரமாக, கடலோர மணலுக்கே உரிய ஒன்றுமில்லாத வாசனையோடு. பங்க்கிலிருந்து டீசல் வந்திருந்தால் அந்த வழியாகத்தானே வந்திருக்க வேண்டும்?

அப்போதுதான் நீர்மட்டத்தை அளந்து பார்த்தோம். துளைகளில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒப்பிட்டால், நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். அது மேற்கிலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பங்க் கிணற்றுக்குக் கிழக்கே இருந்தது. பங்க்கிலிருந்து கிணற்றுக்கு எதுவும் வர வேண்டுமானால் அது எதிர்நீச்சல் போட வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலிருந்தும் தகவல் வந்தது. கிணற்றில் மிதந்தது புது டீசல் இல்லை. எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய், நிறம் கறுத்து, வெகுகாலம் மண்ணுக்குள் கிடந்த டீசல். அந்தத் தேன் நிறம் அதன் வயது.

கிணற்றுக்கு மேற்கே என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தேன். சீமைக் கருவேலம் அடர்ந்து கிடந்தது. அதற்குள் ஓட்டுக்கூரை ஒன்று பாதி தெரிந்தது.

“அது என்ன கட்டடம்?” என்று கேட்டேன்.

நாகம்மாள் வாளிக் கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார். “எங்க மாமனாரு மில்லு. நெல்லு அரைக்கிறது. அவரு செத்ததுல இருந்து பூட்டித்தான் கெடக்கு.”

அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டிக் கருவியைத் திருகினோம். இடுப்பளவு ஆழத்தில் மண் சாம்பல் நிறமாக மாறியது. வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. பீட்டர் பாடுவதை நிறுத்தினார்.

பூட்டிய மில்

மில்லின் எஞ்சின் டீசலில் ஓடியது. அதற்காகத் தரைக்குள் ஓர் இரும்பு டேங்க் புதைத்திருந்தார்கள். உப்புக்காற்று குடித்த மண்ணில் இருபது வருடத்துக்கும் மேலாக அது கிடந்திருக்கிறது.

விஷயத்தைக் கருப்பையாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நம்பவும் இல்லை. “எங்கய்யா போட்ட டேங்க்கு. அது ஒழுகாது,” என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். சாவியைத் தரவில்லை. நாள்கள் போயின. நாங்கள் வெளியிலேயே துளைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு துளையும் அதே பதிலைத்தான் சொன்னது.

சேதுராமனிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் முழுக்கத் தன்மேல் பழி போட்ட அண்ணனுக்கு எதிராக இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்காது. அவர் டீக்கடைக்குப் போய்ச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அப்ப அய்யா இருக்கையில வாங்குன டீசலா அது?” என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் முள்வேலியை விலக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் நாகம்மாள் கொடுத்த காப்பியோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

“அண்ணே, மில்லுச் சாவி வேணும்.”

கருப்பையா நிமிர்ந்து பார்க்கவில்லை. “எதுக்கு? நாலு பேரைக் கூட்டியாந்து என்னைய அசிங்கப்படுத்தவா?”

“அய்யா செத்தப்ப நான் சிங்கப்பூர்ல கெடந்தேன். மொகத்தைக்கூடப் பாக்கல. அவரு விட்டுட்டுப் போன மாதிரியே மில்லை வச்சுருக்கேன்னு சொல்லுவீகள்ல? அதையாச்சும் நான் ஒருக்காப் பாக்கணும்ண்ணே.”

மேற்கே வெளிச்சம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கருப்பையா எழுந்து உள்ளே போனார். சாவியைத் தம்பியின் கையில் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தம்பி பின்னால் போனார். நாகம்மாள் என் தோளைத் தொட்டு, “நீயும் போத்தா,” என்றார்.

கதவைத் திறந்ததும் தவிட்டு மணமும் டீசல் மணமும் சேர்ந்து வந்தன. உடைந்த ஓட்டின் வழியாக வெளிச்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதில் தூசி எழும்பாமலும் இறங்காமலும் நின்றது. எஞ்சினின் பெரிய சக்கரம், அதிலிருந்து அரவை இயந்திரத்துக்குப் போகும் தோல்பட்டை, ஆணியில் ஒரு துண்டு. துண்டில் தவிடு படிந்து அட்டையாக விறைத்திருந்தது. எல்லாவற்றின் மீதும் அதே தவிட்டு நிறம். நாங்கள் உள்ளே நடந்தபோது காலடிச் சத்தமே கேட்கவில்லை.

கருப்பையா யாரிடம் என்றில்லாமல் பேசத் தொடங்கினார். அன்று காலையில்தான் டீசல் வந்ததாம். அய்யா கூடவே நின்று டேங்க்கை நிரப்பியிருக்கிறார். நாளைக்கு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து எஞ்சினைக் கிளப்ப வந்த கருப்பையாவுக்கு அதைத் தொடக் கை வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய், பிறகு பூட்டிவிட்டார். டேங்க் நிறைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது அய்யா நிரப்பியது. எடுத்து விற்கவோ ஊற்றவோ மனம் வரவில்லை.

சேதுராமன் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். கருப்பையா பக்கத்தில் போய் நின்றாரே தவிர, தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“டேங்க்கைத் தோண்டணும்னா எஞ்சினை நகட்டணுமாத்தா?”

“நகட்டணும்.”

“நகட்டுங்க,” என்றார்.

தலையணைகள்

பங்க்காரர் தன்மேல் பழி இல்லை என்றானதும் விலகிக்கொண்டார். அதில் தவறில்லை. இப்படி ஓர் இடத்தைச் சுத்தம் செய்து பார்க்க எங்கள் நிறுவனமும் ஒரு கல்லூரியும் சேர்ந்து வெகுநாளாகத் திட்டம் வைத்திருந்தோம். இந்தக் கிணற்றையே எடுத்துக்கொண்டோம்.

டேங்க்கைத் தூக்கி வெளியே வைத்தபோது அதன் அடிப்பக்கம் சல்லடையாக இருந்தது. உள்ளே டீசல் கால்வாசிதான் மிஞ்சியிருந்தது.

மதுரையிலிருந்து மூத்த பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் யோசனை சொன்னார். கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டு இழுத்துவிட்டால் டீசலெல்லாம் கிணற்றை நோக்கி வந்துவிடும், அள்ளிவிடலாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பீட்டர் அதைக் கேட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். அவருடைய அத்தை வீடு தங்கச்சிமடத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே மணலில் தோண்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும். அது மழை கொடுத்த தண்ணீர்; கீழே உப்புத் தண்ணீர் கனமாகக் கிடக்க, அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் கட்டிய ஒரு விடுதிக்காக மோட்டார் வைத்து இழுத்தார்கள். மேலே இருந்தது குறையக் குறையக் கீழே இருந்தது ஏறி வந்தது. ஒரே கோடை. அத்தை வீட்டுக் கிணற்றில் அதற்குப் பிறகு பாத்திரம் கழுவத்தான் முடிந்தது.

மருதவயலும் அப்படித்தான். மேலே டீசல், அடியில் உப்பு, நடுவில் ஒடுங்கிக்கொண்டு குடிக்கிற தண்ணீர். அவசரப்பட்டால் ஒன்றை விரட்டிவிட்டு இன்னொன்றை வரவழைத்துவிடுவோம். அதனால் மெதுவாகச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

இலவம் பஞ்சு எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. ஒரு வாளியில் போட்டுக் காட்டினேன். நாகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தலையணைகளை எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் வசந்தாவும் வயிற்றைத் தாங்கியபடி இரண்டு தலையணைகளோடு வந்தார். இருவரும் கிணற்றடியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பேசாமல், தையலைப் பிரித்தார்கள். பஞ்சு காற்றில் பறந்து அவர்கள் தலைமுடியில் ஒட்டியது. வெகுநேரம் கழித்து நாகம்மாள் வசந்தாவின் நெற்றியிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டார். அதற்கு மேல் அவர்கள் சமாதானத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

பஞ்சை வலைத்துணியில் கட்டிக் கிணற்றில் மிதக்கவிட்டோம். வெள்ளையாகப் போய்ப் பழுப்பாகத் திரும்பி வந்தது. அதைப் பீப்பாய்களில் அடைத்து, அப்படிப்பட்ட கழிவை எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அனுப்பினோம். திரும்பத் திரும்ப இதுதான் வேலை.

டேங்க்கைச் சுற்றியிருந்த மண்ணைத் தோண்டி, தரிசு வயலில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினோம். டீசலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றுக்குக் காற்றும் ஈரமும் கொஞ்சம் சத்தும் கிடைத்தால் போதும். சாணம் கலந்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிப்போட வேண்டும். கருப்பையா அந்த வேலையை யாருக்கும் விடவில்லை. மண்வெட்டியோடு வந்து புரட்டுவார், ஒரு பிடி அள்ளி முகர்வார்.

“அப்ப இதுவும் வெள்ளாமைதான்,” என்றார் ஒருநாள்.

மில் இருந்த இடத்தில் தரைக்குள் குழாய்களை இறக்கி, ஒரு சின்ன இயந்திரத்தால் காற்றைச் செலுத்தினோம். தோண்ட முடியாத ஆழத்தில் இருக்கும் நுண்ணுயிர்களுக்காக. மதிய வேளைகளில் வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொள்வேன். இயந்திரத்தின் ரீங்காரம் மணல் வழியாக வரும். அரைத் தூக்கத்தில் நிலத்தின் உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும்: வெகு ஆழத்தில் கடல் கறுப்பாகக் கிடக்கும். அதன் முதுகில் மழைநீர் விரித்த துணியாக அசையும். அதற்கும் மேலே, மணல் மணியின் இடுக்குகளில், ஒருவர் வாழ்ந்த கடைசிக் காலைப் பொழுதின் டீசல் துளித் துளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வாய்கள் அதைத் தின்றுகொண்டிருக்கும். எழுந்தால் கன்னத்தில் மணல் பதிந்திருக்கும்.

மழைக்குப் பிறகு

ஐப்பசியில் மழை பிடித்தது. கிணற்றில் நீர் ஏறியது. அதற்கு முந்தைய வாரங்களில் குழாயில் கோடே தெரியாத அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. மழைக்குப் பிறகு எட்டிப் பார்த்தபோது வானவில் நிறத்தில் படலம் மறுபடியும் சுழன்றுகொண்டிருந்தது.

வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்.

“இனி இது ஆகவே ஆகாதா மேடம்?”

ஏறிய தண்ணீர், வறண்டிருந்த மணலில் ஒட்டியிருந்த டீசலைக் கழுவிக்கொண்டு வருகிறது, இது நடக்கக்கூடியதுதான் என்று விளக்கினேன். என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை. தெருவில் பலர் நம்பிக்கை விட்டுவிட்டார்கள். வண்டியில் வரும் தண்ணீரே போதும் என்றார்கள். சேதுராமன் மட்டும் மறுநாள் காலையில் புதுப் பஞ்சு மூட்டையோடு வந்து நின்றார்.

மறுபடி கட்டினோம், இறக்கினோம், தூக்கினோம். கோடை வந்தது, போனது. அடுத்த மழையில் படலம் வரவில்லை. ஆய்வுக்கூட முடிவு நன்றாக வந்தது. இன்னொரு கோடையும் இன்னொரு மழையும் பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதுவும் ஆயிற்று. தரிசில் பரப்பியிருந்த மண்ணில் சாணவாடை மட்டும் இருந்தது; பிறகு அதுவும் போய்ப் புல் முளைத்தது.

கடைசி முடிவும் நன்றாக வந்ததும் நாகம்மாளைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். இனிமேல் குடிக்கலாம் என்றேன். “சரித்தா,” என்று மட்டும் சொன்னார். அடுத்து வந்த வாரங்களிலும் வண்டித் தண்ணீர்தான் வாங்குகிறார்கள் என்று பீட்டர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஒரு தாளில் இருக்கும் எண்கள் யாருடைய நாக்கிலும் இருக்கும் வாடையைத் துடைக்காது என்று எனக்குப் புரிந்தது. நேரில் போய்ப் பேசலாம் என்று கிளம்பினேன்.

திருவாடானையில் பேருந்து மாறி, உச்சி வெயிலில் இறங்கி நடந்து போனேன். நாக்கு வறண்டிருந்தது. முள்வேலி இருந்த இடத்தில் கொடியில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. வசந்தா இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்து, வாங்க என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் வந்த யாருக்கும் கொடுப்பதுதானே. அண்ணாந்து மடமடவென்று குடித்தேன்.

பாதிச் செம்பு காலியான பிறகுதான் அந்த அமைதி எனக்கு உறைத்தது. வாசற்படியில் நாகம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கருப்பையா. கிணற்றடியில் சேதுராமன், கையில் வாளிக் கயிறு. கயிறு நனைந்திருந்தது. நான்கு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்புடி இருக்கு?” என்று கேட்டார் நாகம்மாள்.

நான் வாய்க்குள் தேடினேன். அந்த வாடையைத் தேடினேன். இல்லை. வேறொன்று இருந்தது, நாக்கின் ஓரத்தில், மிக மெல்லியதாக.

“லேசா உப்புக் கரிக்குது,” என்றேன்.

நாகம்மாள் முகம் மலர்ந்தது.

“அப்ப அது நம்ம தண்ணிதான்,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி வந்து, செம்பை என் கையிலிருந்து வாங்கி, மீதியை அண்ணாந்து குடித்தார்.